பக்க வாசல் போதும் என்பவர்களுக்கு

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் நம்ம காலனிகளில் அறிவாளிகள் நடமாட்டம் அதிகமாகிவிடும். வருசம் பூராவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வருவார்கள். வாத்தியார் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். தறிப்பட்டறை முதலாளி தெருமுனையில் வண்டியை நிறுத்தி விசாரிப்பார். கட்சிக்காரர், தொண்டு நிறுவனத்துக்காரர், கையில் கலர் நோட்டீஸோடு காலேஜ் புரோக்கர், எல்லாருக்கும் ஒரே வசனம்தான். "பிளஸ் டூ எல்லாம் எதுக்குப்பா? டிப்ளமோ போடச் சொல்லு. மூணு வருசத்துல கையில ஒரு தொழிலு. அதுக்கு மேல படிக்கோணும்னா நேரா ரெண்டாம் வருசம் பி.இ. போய்க்கலாம்."

இந்த வசனத்தில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதிக்கு விலாசம் உண்டு. எந்த பாலிடெக்னிக், எந்த பஸ், எவ்வளவு பீஸ், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம், எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். இரண்டாவது பாதிக்கு விலாசம் கிடையாது. "போய்க்கலாம்." எப்படிப் போறது? எத்தனை இடம்? எந்தக் கல்லூரியில? அந்த மூணு வருசம் வீட்டுச் செலவை யார் பார்க்கிறது? இதைக் கேட்டால் அறிவாளி வண்டியைக் கிளப்பிவிடுவார். நான் எழுதுவது அந்த இரண்டாவது பாதியைப் பற்றி.

பாலிடெக்னிக்கைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானே அந்த வழியில் போனவன். இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் அருந்ததியர் தெருவில் பிறந்து, 1990களின் நடுவில் பத்தாவது முடித்து, மூன்று வருசம் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, அப்புறம் ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருசத்தில் நுழைந்தவன். கணக்குப் போட்டால் அதில் ஒரு வருசம்கூட நட்டமில்லை. பத்தாவதுக்கு மேல் பிளஸ் டூ இரண்டு வருசம், பி.இ. நாலு வருசம், மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று வருசம், பி.இ. மூன்று வருசம், அதுவும் ஆறு. நடுவில் ஏதாவது ஆகி நின்றுபோனாலும் டிப்ளமோக்காரன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பி.இ. இரண்டாம் வருசத்தோடு நின்றவன் கையில் பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஒரு நோய், ஒரு கடன், ஒரு சாதிச் சண்டை போதும் நம்ம வீடு கவிழ. அப்படிப்பட்ட வீட்டுக்கு இது சின்ன விசயமில்லை. ஆகவே டிப்ளமோ படிக்கிற பிள்ளையை யாராவது இளக்காரமாகப் பேசினால் முதல் சண்டை நான்தான் போடுவேன்.

ஆனால் அந்தக் கணக்கு காகிதத்தில்தான் சரியாக வரும். தெருவில் வராது.

பதினெட்டு வயசில் கையில் டிப்ளமோ வந்தவுடன் வீடு அந்தக் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். என் அப்பா அடுத்தவர் பட்டறையில் தறி ஓட்டினார். அம்மா தார் சுத்தினார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது ஒரு முன்பணம், கூரையை ஓடாக்க வாங்கியது இன்னொன்று. நான் டிப்ளமோ முடித்த அன்றைக்கு முதலாளி அப்பாவிடம் சொன்னது இதுதான்: "பையனுக்குப் படிப்பு முடிஞ்சுதில்ல? இன்னும் என்னத்துக்குடா படிப்பு, கலெக்டராகப் போறானா?" நாற்பத்தைந்து வயசு ஆளை 'டா' போட்டு அவர் பேசினார், அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். முன்பணத்தின் கயிறு எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அது என் படிப்பு வரைக்கும் நீண்டது.

என்னோடு டிப்ளமோ முடித்த நம்ம பசங்க யாரும் மண்டை இல்லாதவர்கள் கிடையாது. லேத்தில் நின்றால் அவர்கள் கையில் இரும்பு வெண்ணெய் மாதிரி வழியும். டிப்ளமோ போட்டா இரும்பாலையில வேல என்று கஞ்சமலை அடிவாரத்தில் ஊரே சொல்லிய காலம் அது. ஒருவன் காண்டிராக்ட் கூலியாக உள்ளே போனான். இரண்டு பேர் திருப்பூருக்குப் போனார்கள். ஒருவன் அப்பா ஓட்டிய அதே பட்டறையில் தறிக்கு மெக்கானிக் ஆனான். நான் பி.இ. போனதற்குக் காரணம் என் அறிவு இல்லை. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒருத்தர், விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, கூடவே பஸ் ஏறி காரைக்குடி வரைக்கும் வந்தார். அப்போதெல்லாம் இந்த நேரடி இரண்டாம் ஆண்டு கவுன்சிலிங் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நடக்கும். சேலத்து டிப்ளமோக்காரன் கால்வாசித் தமிழ்நாட்டைத் தாண்டிப் போய்ச் சீட்டுக் கேட்கணும். போக வர பஸ் காசும், போன இடத்தில் பேசுவதற்கு ஒரு ஆளும் இருந்தவனுக்கு இரண்டாவது படி இருந்தது. மற்றவர்களுக்கு அந்தப் படி இருப்பதே தெரியவில்லை.

எனக்கு முந்திய இரண்டு தலைமுறையைச் சொல்கிறேன். என் தாத்தா தோல் தைப்பவர். கவலை இறைக்கிற கிணறுகளுக்குத் தோல்பறி தைத்துக் கொடுத்தார். வருசத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று கூலி. மோட்டார் பம்ப் வந்தது, தோல்பறி செத்தது, தாத்தாவின் தொழிலும் கூடவே செத்தது. அப்பா தறிக்குப் போனார். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். அவர் வக்கீல் தொழில் பார்த்ததும், நகராட்சித் தலைவராக இருந்ததும் நம்ம சேலத்தில்தான். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எனக்கு ஒரு கேள்வி. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என் அப்பா அந்த அரை நாளில் எதைக் கற்றிருப்பார்? பம்ப் செட் வந்து கொன்றுபோட்ட தோல்பறியையா?

இன்றைக்கு யாரும் வாயைத் திறந்து குலத்தொழில் என்று சொல்வதில்லை. 'கைத்தொழில்', 'திறன்', 'சீக்கிரம் சம்பாத்தியம்' என்று சொல்கிறார்கள். எட்டுற கொம்பைப் பிடி என்கிறார்கள். எட்டாத கொம்பு யாருக்கு?

யாருக்கு என்று தெரிய வேண்டுமென்றால் நாமக்கல் பக்கம் போய்ப் பாருங்கள். முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஊர் ஒரு காலத்தில் பிளஸ் டூ மார்க்குக்கும் பேர்போனதாக இருந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே சொல்லும். விடியற்காலையில் எழுப்பி ராத்திரி வரைக்கும் படிக்க வைத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, கிண்டிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்த பிறகுதான் அந்த ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. நம்ம பிள்ளைக்கு டிப்ளமோ சிபாரிசு செய்கிற முதலாளியின் பிள்ளை அங்கேதான் இருந்தது. சிபாரிசு செய்கிற வாத்தியாரின் பிள்ளையும் அங்கேதான் இருந்தது. பக்க வாசல் அவ்வளவு சுலபம், அவ்வளவு லாபம் என்றால் அவர்கள் பிள்ளைகளை ஏன் பெரிய வாசலுக்கு முன்னால் ராப்பகலாக உட்கார வைத்தார்கள்? இந்த ஒரு கேள்வியை மட்டும் புத்தி சொல்ல வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "உங்க பையன் எங்கீங்க படிக்கறான்?"

இது நம்ம ஊர் சூழ்ச்சி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று உண்டு. வீட்டுப் பக்கத்தில், குறைந்த செலவில் இரண்டு வருசம் படித்துவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசத்துக்கு மாறிக்கொள்ளலாம். 1960இல் கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கே ஒரு பெருந்திட்டம் போட்டு இந்த ஏணியைச் சட்டபூர்வமாக்கியது. அதே 1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் அப்படியொரு கல்லூரியை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்டது இது: பெரிய பட்டப்படிப்பு ஆசையோடு வருகிற பிள்ளைகளில் பலரை இந்தக் கல்லூரி 'முடியாது' என்று சொல்லாமலே நிறுத்துகிறது. ஆலோசனை சொல்லி, தேர்வு வைத்து, 'உனக்கு ஏத்தது இது' என்று மெதுவாகத் திருப்பி, கடைசியில் பிள்ளையே தன் ஆசையைக் கைவிட்டதாக நினைக்க வைத்துவிடுகிறது. அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'ஆறப்போடுதல்' என்று சொல்லலாம். கொதிக்கிற கஞ்சியை யாரும் கீழே கொட்ட வேண்டியதில்லை. ஓரமாக வைத்து ஆறப்போட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்கிற மூன்று பேரில் ஒருவர் இப்படி மாறி வந்தவராக இருக்க வேண்டும் என்று இலக்கே வைத்திருக்கிறார்கள். பெர்க்லி மாதிரி உலகம் பூராவும் போட்டி போடுகிற இடத்துக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. ஏணி என்று சொன்னால் மேலே ஒரு மாடி இருக்க வேண்டும். ஆறப்போடுகிற வேலையும் நடக்கிறது, மாடியும் இருக்கிறது. எது ஜெயிக்கும் என்பது மாடியில் எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், கீழே நிற்பவனுக்கு அதை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம்ம ஏணிக்கு மேலே என்ன இருக்கிறது? நேரடி இரண்டாம் ஆண்டுக்கு என்று ஒதுக்குவது அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஒரு சிறு பங்குதான். அதோடு, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலாண்டில் இடம் நிரம்பாமல் போவது எங்கே? நல்ல கல்லூரியிலா? யாருக்கும் வேண்டாத கல்லூரியில்தான் பக்க வாசல் விரியத் திறந்திருக்கும். பிள்ளைகள் முட்டி மோதுகிற கல்லூரியில் அது ஒருச்சாய்த்து வைத்திருக்கிற கதவு. ஐ.ஐ.டி.களின் பி.டெக்.கில் இரண்டாம் ஆண்டுக்கு நேராகப் போகும் வாசலே கிடையாது. டிப்ளமோ முடித்தவன் ஜே.இ.இ. எழுதலாம். ஆனால் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் தானாகப் படித்து எழுதி, திரும்பவும் முதலாம் வருசத்திலிருந்து தொடங்க வேண்டும். 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலாண்டில் 7.5 விழுக்காடு இடம் வந்தது. நல்ல காரியம், போராடிப் பெற்றது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்பது அதன் அளவுகோல். பத்தாவதோடு பாலிடெக்னிக்குப் போன பிள்ளை அந்த முதலாண்டு வரிசையில் நிற்கவே முடியாது. டிப்ளமோ சிபாரிசு செய்கிற எந்த அறிவாளியாவது 'இந்த வழியில போனா அந்தக் கதவு சாத்திக்கும்' என்று சொன்னது உண்டா?

இன்னொரு பக்க வாசல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. சேலத்து அரசு கலைக் கல்லூரியிலோ நாமக்கல் அரசு கலைக் கல்லூரியிலோ பி.எஸ்ஸி. இயற்பியல், கணிதம், வேதியியல் படிக்கிற பிள்ளை, 'ஜாம்' என்ற தேர்வை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம். 2004இலிருந்து இது நடக்கிறது. பி.ஏ. படித்தவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர 2022இலிருந்து பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. நம்ம பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அரசு கலைக் கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தேர்வின் பெயர் தெரியும்? ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது என்பது வேறு. தமிழில் இயற்பியல் படித்தவனுக்கு இயற்பியல் தெரியாது என்று ஒரு தேர்வே சொல்கிறது. இதைத் தகுதி என்கிறார்கள்.

வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் போன கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் கடைசியில், தனி எண் வரிசையில் இருந்தன. ஆறு பேர். மற்றவர்கள் ஒரு வருசம் கூடவே படித்துச் சினேகிதர்களாகிவிட்டார்கள். எங்களுக்கு 'லேட்ரல்' என்பதே பெயர். கணக்கு வகுப்பில் ஒருவர் போர்டில் தொகையீட்டுக் கணக்கை எழுதிவிட்டு, "டிப்ளமோ கேஸுங்களுக்கு இது புரியாது, விடுங்க" என்பார். புரியவில்லைதான். அந்தக் கணக்கைக் கற்றுத்தருகிற பிளஸ் டூவையும் முதலாம் ஆண்டையும் தாண்டிக் குதித்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். குதிக்கச் சொன்னவர்கள் நடுவில் ஒரு பலகையைப் போட்டார்களா? ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் எங்களிடம் வந்தார்கள், பரீட்சைக்கு நாங்கள் அவர்களிடம் போனோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நான் தேறினேன். இதற்கு மேல் இன்னொன்று இருந்தது. ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் வகுப்பு நடுவில் ஆபீஸ் பியூன் வந்து நிற்பார். "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க." எந்திரிப்போம். அறுபது ஜோடிக் கண்ணும் எண்ணும். அன்று சாயங்காலமே மெஸ்ஸில் உட்காருகிற இடம் மாறும். பக்க வாசலில் வந்தவன் என்பது ஒரு முத்திரை, ஊருக்கு வெளியிலிருந்து வந்தவன் என்பது இன்னொரு முத்திரை. நான் இரண்டையும் சுமந்தேன்.

அந்த ஸ்காலர்ஷிப் யாருடைய தர்மமும் இல்லை. தலித் மாணவர்களின் உயர்கல்விக்கு, குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று 1942இல் வைஸ்ராயிடம் மனுக் கொடுத்தவர் அம்பேத்கர். 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை வந்தது. தமிழ்நாட்டில் 2012இல் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஈடுகட்டும் என்றது. நம்ம தெருக்களில் முதன்முதலாக பி.இ. என்ற எழுத்துகள் வீட்டுச் சுவரில் ஏறியது அதற்குப் பிறகுதான். கூடவே புரோக்கர்களும் வந்தார்கள். காலி இடங்களை நிரப்ப நம்ம பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அரசுப் பணம் வரத் தாமதமானால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்கிற கல்லூரிகளும் இருந்தன. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்த உதவியை வெட்டினார்கள். அதே சமயத்தில் ஒன்றிய அரசின் பங்கும் சுருங்கி, சுமை மாநிலங்கள் தலையில் விழுந்தது. 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று பங்கை மாற்றி ஐந்து வருசத்துக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். பணம் ஒரு வருசம் தாமதித்தால் முதலில் நிற்பது யார்? பக்க வாசலில் காத்திருக்கிறவன்தான். கையில்தான் டிப்ளமோ இருக்கிறதே, 'போய் வேலையப் பாரு' என்று சொல்லிவிடலாமே!

2020இன் தேசியக் கல்விக் கொள்கை இதையே சித்தாந்தமாக்கிவிட்டது. ஒரு வருசத்தில் நின்றால் சான்றிதழ், இரண்டு வருசத்தில் நின்றால் டிப்ளமோ, மூன்று வருசத்தில் நின்றால் பட்டம். எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாமாம். தறிக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. வெளியே போகிற வாசலை அலங்கரித்து வைத்துவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறார்கள். மேல்சாதிப் பிள்ளை ஒரு வருசம் நின்றால் அது 'இடைவெளி ஆண்டு'. நம்ம பிள்ளை நின்றால் அது இடைநிற்றல்.

இப்போது நம்ம ஆட்களிடம் வருகிறேன். தோழர்களில் ஒரு சாரார் இருக்கிறார்கள். "பாலிடெக்னிக் முதலாளித்துவத்துக்குக் கூலி தயாரிக்கிற ஆலை. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும்" என்று மேடையில் முழங்குவார்கள். தோழரே, அந்தப் பிளஸ் டூ இரண்டு வருசத்துக்கு டியூசன் பீஸ் யார் கட்டுவது? பட்டறை முன்பணத்தை யார் அடைப்பது? பதினாறு வயசுப் பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்பச் சொல்கிறீர்களே, அந்த விடுதியில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? வழி சொல்லாத முழக்கமும் முதலாளி சொல்கிற புத்திமதியும் ஒரே இடத்தில்தான் பிள்ளையைக் கொண்டுபோய் விடும்.

இன்னொரு சாரார், "அங்கெல்லாம் அனுப்பாதீங்க, கொன்னுருவாங்க" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமார், பன்றி வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படாமலே கிடந்து 2008 பிப்ரவரியில் உயிரை விட்டார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் தில்லியில் முத்துக்கிருஷ்ணன். அவரும் சேலத்துப் பிள்ளை. ஐதராபாத்தில் படித்து, பலமுறை முயன்று ஜே.என்.யு.வில் ஆராய்ச்சிக்கு இடம் பிடித்தவர். படி படியாக ஏறிப் போனவர்கள் இவர்கள். ஏறத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மாடிக்குப் போன பிறகு அங்கே நிற்க விடவில்லை. இதற்குப் பதில், நம்ம பிள்ளைகள் மாடி ஏறக்கூடாது என்பதா? செந்தில்குமார் செத்தது இயற்பியலால் இல்லை. மாடியை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே பத்திரமாக இருங்கள் என்று நாமே சொன்னால், அவர்கள் செய்ய நினைத்ததை நாம் இலவசமாகச் செய்து கொடுத்த மாதிரி ஆகும். ஏறுகிறவன் தனியாக ஏறக்கூடாது. அதுதான் பதில்.

அம்பேத்கரையே பாருங்கள். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார். அங்கிருந்து லண்டனுக்கு. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. பரோடாவில் தங்க ஓர் இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டார். சிடனாம் கல்லூரியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து 1920இல் மறுபடி லண்டன் போய் மிச்சப் படிப்பை முடித்தார். நடுவில் நின்றவர்தான் அவரும். ஆனால் 'பி.ஏ. போதும், பம்பாயில் ஒரு குமாஸ்தா வேலை பார்' என்ற புத்திமதிக்கு அவர் காது கொடுக்கவில்லை. தான் ஏறியதோடும் நிற்கவில்லை. 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார், 1950இல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரியைத் தொடங்கினார். முதல் படியையும் கட்டினார், கடைசிப் படிக்கும் சண்டை போட்டார். நம்மில் சிலர் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள், அவர் ஏறிய படிகளை மட்டும் எண்ண மறுக்கிறார்கள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பெண் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தாள். எனக்கு அக்கா மகள் முறை. அவளிடமும் எல்லாரும் வசனம் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு இரண்டு வழியையும் எழுதினோம். ஒவ்வொரு வருசமும் என்ன செலவு, எந்தத் தேர்வு, எந்தக் கதவு திறக்கும், எது சாத்தும், வீட்டுக்கு எப்போது காசு வரும். எழுதி முடித்ததும் அவள் கேட்டாள், "டிப்ளமோ போனா நாலாவது வருசத்துக்கு எதுக்க மட்டும் ஒண்ணும் எழுதல மாமா. அங்க யாரு வருவாங்க?" அவ அப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பிளஸ் ஒன் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். அதே தெருவில் இன்னொரு பையன், அப்பா இல்லாதவன், அதே நோட்டைப் பார்த்துவிட்டு டிப்ளமோவில் சேர்ந்தான். இரண்டும் சரியான முடிவுதான். இரண்டு பிள்ளைகளும் முழுக் கணக்கையும் பார்த்து முடிவு செய்தார்கள். அந்த நாலாவது வருசத்துக்கு எதிரே நானும் இன்னும் மூன்று பேரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். முதல் படியைக் காட்டுகிறவன் இரண்டாம் படியையும் காட்ட வேண்டும், காட்ட முடியாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு வழியையும், எந்த வழியில் எந்தக் கதவு சாத்தும் என்பதையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். டிப்ளமோவிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் கணக்குக்கு இணைப்பு வகுப்பு வைக்க வேண்டும். காலியாய்க் கிடக்கிற இடத்தைப் பிச்சை போடுகிற வேலை வேண்டாம். பிள்ளைகள் போட்டி போடுகிற கல்லூரிகளில், ஐ.ஐ.டி. உட்பட, பாலிடெக்னிக்கிலிருந்தும் அரசு கலைக் கல்லூரியிலிருந்தும் வருபவர்களுக்கு இடஒதுக்கீட்டோடு இடம் வேண்டும். உதவித்தொகை வகுப்பு தொடங்குவதற்கு முன் கைக்கு வர வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைக்கிறவன் மேல் வழக்குப் போட வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. இதைப் படிக்கிற மாணவத் தோழரே, நீங்கள் எந்த வாசலில் நுழைந்தீர்கள், அங்கே எவ்வளவு செலவானது, யார் கையைப் பிடித்தார்கள், யார் காலை வாரினார்கள் என்பதை உங்கள் தெருவில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிப்ளமோ மூன்றாம் வருசத்தில் இருக்கிற நம்ம பிள்ளை ஒவ்வொருவர் பெயரையும் குறித்து வையுங்கள். கவுன்சிலிங் தேதி வரும்போது அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் முதலாளியின் வண்டிக்கு முன்னால் உங்கள் சைக்கிள் நிற்க வேண்டும்.